தட்டாவிட்டால் சரி

என் தொழில் என்னன்னு யாராவது கேட்டா முன்னெல்லாம் உற்சாகமா சொல்லுவேன். இப்ப "கம்ப்யூட்டர்ல வேலை"ன்னு முடிச்சுக்கறேன். உண்மையைச் சொன்னா பாதிப் பேர் சிரிக்கறாங்க, மீதிப் பேர் "எங்க, ஒரு வாக்கியம் பேசிக் காட்டுங்க"ன்னு உயிரை வாங்கறாங்க. உலகத்துல இல்லாத மொழிகளுக்கு இலக்கணம் எழுதறவ நான். வீடியோ கேம் கம்பெனியில, அரக்கனும் பறவையும் மீன்மனுஷனும் எப்படிப் பேசணும்னு முடிவு பண்ற வேலை. வார்த்தை உண்டாக்கறது பெரிய விஷயமே இல்ல, நாலு எழுத்தைக் குலுக்கிப் போட்டா வார்த்தை. அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு எப்படி ஒட்டும், எதைச் சொல்லியே ஆகணும், எதைச் சொல்லாம விட்டாலும் புரியும்ங்கறதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பறவைக் கூட்டத்துக்கு ஒரு தடவை ஆறு வேற்றுமை போட்டுக் கொடுத்தேன். பறந்துட்டிருக்கற பொருளுக்கு ஒரு உருபு, கிளையில உக்காந்திருக்கறதுக்கு ஒரு உருபு, கீழ விழுந்துட்டதுக்குத் தனி உருபு. ராத்திரி பகலா உக்காந்து செஞ்சேன். டைரக்டர் பாத்துட்டு, "பிரமாதம். ஆனா திரையில கீழ வர்ற எழுத்துக்கு இடம் பத்தல. ரெண்டா குறைச்சிடுங்களேன்"ன்னார். ஒரே நிமிஷத்துல நாலு வேற்றுமை செத்துப்போச்சு. மீன்மனுஷங்களுக்கு நாலு பால் வகுத்தேன். மூச்சு விடறது, எரியறது, திங்கக்கூடியது, மத்ததெல்லாம். குரல் கொடுக்க வந்தவர் தாடை வலிக்குதுன்னு அடுத்த நாள் வரவே இல்ல. அதையும் வெட்டினேன். ஆரம்பத்துல இதுக்கெல்லாம் மல்லுக்கட்டுவேன். இப்ப "சரி சார்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடறேன். சலிச்சுப்போச்சுங்க, வேற என்ன சொல்ல.

அந்தச் சலிப்புக்கு நடுவுலதான் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்துச்சு.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தான். எங்க பக்கத்துல வண்டி ஓட்டறவங்கள்ல பாதிப் பேருக்கு அவன்தான் மாஸ்டர். பக்கத்து சீட்ல உக்காந்து "கிளட்ச்! கிளட்ச்சை விடாதேன்னு சொன்னேன்ல!"ன்னு ஒரு சத்தம் போட்டா, அடுத்த தெருவுல ஓட்டறவனும் கிளட்ச்சை மிதிப்பான். வீட்லயும் அதே குரல்தான். எந்த வீட்டுக்குக் குடிபோறது, எந்தக் கட்டிலை வாங்கறது, லீவுக்கு எங்க போறது, எப்பத் திரும்பறது, எல்லாம் அவன் சொல்றதுதான். அண்ணி ஸ்கூலுக்கு வர்ற ஃபோனை எடுப்பாங்க, பேர் எழுதிக்குவாங்க, "சரிங்க"ம்பாங்க. அண்ணன் கெட்டவன் இல்ல. யார் மேலயும் கை ஓங்கினதில்ல, கஷ்டம்னு வந்து நின்னவங்களைச் சும்மா திருப்பி அனுப்பினதில்ல. அடுத்தவங்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும்ங்கறது மட்டும் அவன் மண்டையில ஏறல, அவ்வளவுதான்.

வலது பக்கம் முழுக்கப் போச்சு. பேச்சும் போச்சு. நாம சொல்றது புரியுது, வார்த்தைதான் வர மாட்டேங்குது. எழுதிக் காட்டலாம்னா எழுத்தும் பிடிபடல. தலையாட்டலையும் நம்ப முடியல. ஆமான்னு சொல்ல வந்து இல்லைன்னு ஆட்டிடுவான், தப்பா ஆட்டிட்டோம்னு தெரிஞ்சதும் கண்ணுல தண்ணி கோத்துக்கும். ஆஸ்பத்திரியில இருந்து வந்த முதல் வாரம் அண்ணி தண்ணியைக் கொண்டு வருவாங்க, தள்ளிவிடுவான். ஜன்னலைச் சாத்துவாங்க, உறுமுவான். திறப்பாங்க, அதுக்கும் உறுமுவான். அண்ணி சமையலறையில போய் நின்னு அழறதை நானே பாத்தேன்.

எனக்கு ஒரு வேகம் வந்துடுச்சு. ஊர் பேர் தெரியாத பறவைக்கெல்லாம் இலக்கணம் எழுதறோம், கூடப் பிறந்தவனுக்கு எழுத மாட்டோமான்னு. சொன்னா வெட்கக்கேடு, ஆனா சந்தோஷமாவே இருந்துச்சு. இத்தனை வருஷத்துல முதல் முறையா என் தொழிலால நிஜமான ஒரு ஆளுக்குப் பிரயோஜனம்.

ஒரு பலகையில படமா ஒட்டினேன். டீ, தண்ணி, ஜன்னல், ரேடியோ, வலி, தூக்கம், பாத்ரூம். அவனோட இடது கை நல்லா இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு தடவை கையைத் தூக்கறதுக்கும், என்ன செய்யணும்னு யோசிச்சு அதைச் செய்யறதுக்கும், மலை ஏறற மாதிரி திணறுவான். அதனால கை வேலை குறையணும். எங்க தொழில்ல ஒரு அடிப்படை உண்டு. எது அடிக்கடி வருமோ அதுக்குச் செலவு கம்மியா இருக்கணும். அடிக்கடி வர்றதுக்கு அடையாளமே தேவையில்ல, அபூர்வமா வர்றதுக்கு மட்டும் ஒரு அடையாளம் வெச்சா போதும். நோயாளியை நாம என்னத்தைக் கேக்கப்போறோம்? தண்ணி வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, போர்வை போத்தட்டுமா. பத்துக்கு ஒன்பது பதில் ஆமாதான். அப்போ ஆமாவுக்கு ஏன் கையைத் தூக்கணும்?

இப்படி வெச்சேன். நாங்க கேள்வி கேப்போம். வேண்டாம்னா கட்டில் கம்பியில ரெண்டு தட்டு. தட்டலைன்னா சரின்னு அர்த்தம். மனசுக்குள்ள பத்து எண்ணுவோம், தட்டு வரலைன்னா செஞ்சிடுவோம். அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். கூரையைப் பாத்துக்கிட்டே கேட்டான். "புரிஞ்சுதா?"ன்னேன். தட்டல. புரிஞ்சிருக்குன்னு நானே கை தட்டிக்கிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வர்ற டாக்டரம்மா பலகையைப் பாத்துட்டு, "நல்லா இருக்கு. ஆனா அவருக்குக் கை கிளம்பவே நேரமாகும், பொறுத்திருங்க. 'வேணுமா'ன்னு கேட்டதையே 'வேண்டாமா'ன்னு திருப்பிப் போட்டும் அப்பப்ப கேட்டுப் பாருங்க"ன்னாங்க. நான் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டேன். எனக்கா இலக்கணம் சொல்லித் தர்றாங்கன்னு ஒரு திமிர்.

வேலை செஞ்சுது. அதுதான் கொடுமை. முதல்ல கொஞ்ச நாள் டக்டக்குன்னு கம்பியில சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அது வேண்டாம், இது வேண்டாம். அப்புறம் குறைஞ்சுது. அப்புறம் சத்தமே இல்ல. டீ வேணுமா, தட்டல, கொடுப்போம், குடிப்பான். ரேடியோ போடவா, தட்டல, போடுவோம். செய்தி வர்ற ஸ்டேஷனை வெச்சுட்டு நான் ஆபீஸ் போனா, சாயந்தரம் வர்ற வரைக்கும் அது பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருக்கும். அண்ணி கூட ஒரு நாள் சிரிச்சாங்க. "கல்யாணம் ஆனதுல இருந்து இவ்வளவு நல்ல மனுஷனை நான் பாத்ததே இல்லம்மா"ன்னாங்க. நானும் சிரிச்சேன். அண்ணன் சமாதானமாயிட்டான், நிலைமையை ஏத்துக்கிட்டான்னு ஆபீஸ்லகூடப் பெருமையா சொன்னேன்.

எங்களுக்கும் முடியலங்கறதையும் சொல்லணும். அண்ணன் ஆள் திடகாத்திரம். அவனைத் திருப்பிப் படுக்க வெச்சு, துடைச்சு, உக்கார வெச்சு, அண்ணிக்கு இடுப்பே போச்சு. ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பாங்க. பிள்ளைங்க கிடையாது, உதவிக்கு வந்தவங்களும் நிலைக்கல. நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். ஆபீஸ் முடிஞ்சு நேரா அங்க வந்து, பலகையை வெச்சுப் பயிற்சி கொடுத்து, அண்ணியைக் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லி, வீட்டுக்குப் போய் விழுந்தா காலையில எழுந்திருக்கறதுக்குள்ள கண்ணைக் கட்டும். நாளாக ஆக நான் பத்து எண்ணறதுகூட வேகமாயிடுச்சு. பத்துன்னு பேர், அஞ்சுல முடிஞ்சிடும்.

நானேதான் அந்தப் பராமரிப்பு இல்லத்தைத் தேடிக் கண்டுபிடிச்சேன். பஸ்ல ரெண்டு மணி நேரம். சுத்தமா இருந்துச்சு, பெரிய ஜன்னல் இருந்துச்சு, ஆளுங்க முகம் கொடுத்துப் பேசினாங்க. அண்ணிகிட்ட சொன்னேன். அவங்க கையில இருந்த போர்வையை மடிச்சு வெச்சாங்க. அப்புறம், "அவரைக் கேளு"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை கேட்டேன். "அண்ணா, அங்க போய் இருக்கியா? நாங்க வந்து வந்து பாப்போம்." கூரையைப் பாத்துக்கிட்டிருந்தான். எண்ணினேன். கை போர்வை மேலயே கிடந்துச்சு. தட்டல. அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டாங்க, பாத்திரமே கழுவாம தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. சனிக்கிழமை வேன் அனுப்பறோம்னு இல்லத்துல சொன்னாங்க.

அன்னிக்கு நான் நிம்மதியா தூங்கினேன். மறைக்க என்ன இருக்கு.

வியாழக்கிழமை ஆபீஸ்ல சோதனைக் கூட்டம். டைரக்டர் புதுசா கல்மனுஷங்க கூட்டத்துக்கு அவசரமா ஒரு மொழி கேட்டிருந்தார். எனக்கு எங்க நேரம்? அண்ணனுக்கு வெச்ச விதியையே தூக்கி அதுல போட்டுட்டேன். கல்மனுஷன் வேண்டாம்னா மட்டும் ரெண்டு தட்டுத் தட்டுவான், தட்டலைன்னா சம்மதம். "அடேங்கப்பா, பேசாமலே பேசறாங்களே"ன்னு டைரக்டருக்கு ஒரே பூரிப்பு.

கேம்ல இருக்கற தப்பைக் கண்டுபிடிக்கறதுக்குன்னே ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா. என் வயசுதான், ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா. கேம்ல வர்ற தப்பை எங்க தொழில்ல 'பக்', அதாவது பூச்சிம்போம். பூச்சி பிடிக்கறதே தொழில்ங்கறதால அவளுக்குப் பேரே பூச்சின்னு ஆயிடுச்சு. அவ பெரிய திரையில கேமைப் போட்டுக் காட்டினா.

"இதைப் பாருங்க. இந்தக் கல்மனுஷன் வாசக்காவல். கதவைத் திறக்கட்டுமான்னு கேட்டா ரெண்டு தட்டுத் தட்டறான். திறக்க முடியல. கரெக்ட். இப்ப நான் என்ன பண்றேன், இவனைக் கொன்னுடறேன்."

கோடாலியால ஒரு போடு போட்டா. கல்மனுஷன் பொத்துன்னு விழுந்தான்.

"இப்ப இந்தப் பொணத்துகிட்ட போய் கேக்கறேன். ஐயா, கதவைத் திறக்கட்டுமா?"

எல்லாரும் திரையையே பாத்தோம். ஓரத்துல எண் ஓடிச்சு. பத்து வந்ததும் கதவு ஆன்னு திறந்துக்கிச்சு.

"செத்தவன் சம்மதம் கொடுக்கறான்!"னு பூச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. "சொத்தையும் எழுதி வாங்கிப் பாத்தேன், கொடுத்துட்டான். உன்னைக் கொன்னது நான்தான், பரவாயில்லையான்னு கேட்டேன். அதுக்கும் சரின்னுட்டான் மகராசன்!"

மொத்த அறையும் சிரிச்சுது. டைரக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சார். நானும் கூடச் சேர்ந்துதான் சிரிச்சேன், பாதியில அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு.

எழுந்து போய் பாத்ரூம்ல கதவைத் தாழ் போட்டுக்கிட்டு உக்காந்தேன். எத்தனை சரி! டீக்கு சரி, ரேடியோவுக்கு சரி, இல்லத்துக்குப் போக சரி. அதுல எத்தனை அவன் சொன்னது, எத்தனை நானா எடுத்துக்கிட்டது? கேள்வி காதுல விழுந்து, மண்டைக்குப் போய், கை கிளம்பறதுக்கே அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு டாக்டரம்மா சொல்லித்தானே இருந்தாங்க. நான் எண்ணின எண்ணுல கேள்வியே போய்ச் சேர்ந்திருக்காது. அவன் முதல்ல தட்டித் தட்டிப் பாத்தான், தட்டு லேட்டா வந்துச்சு, அதுக்குள்ள நாங்க டீயை வாயில வெச்சுட்டோம். ஒரு கட்டத்துல சீன்னு விட்டுட்டான். அதைப் போய் நான் சமாதானம்னு நினைச்சேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

ஆனா இன்னொண்ணும் தோணிச்சு. யாருக்குத் தெரியப்போகுது? நாளை மறுநாள் வேன் வருது. வாயை மூடிக்கிட்டு ரெண்டு நாளைத் தள்ளினா போதும், அண்ணி தூங்கலாம், நான் தூங்கலாம். திருப்பிக் கேட்டு அவன் போக மாட்டேன்னுட்டா? மறுபடியும் அந்த இடுப்பு, அந்த ராத்திரி, அந்தத் துடைக்கறது. இன்னும் எத்தனை வருஷமோ. அந்தத் தாழ் போட்ட கதவைப் பாத்துக்கிட்டே நான் ரொம்ப நேரம் அந்தப் பக்கம்தான் சாஞ்சிருந்தேன். அண்ணனை எனக்குப் பிடிக்காம இல்ல. ஓய்ஞ்சுபோயிருந்தேன்.

மத்தியானத்தோட லீவு சொல்லிட்டுக் கிளம்பினேன். அண்ணி சமையலறையில சூப் கலக்கிக்கிட்டிருந்தாங்க. ரேடியோ உள்ள கத்திக்கிட்டிருந்துச்சு. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். அவங்க கரண்டியை நிறுத்தவே இல்ல.

"இப்ப எதுக்கு இதைக் கெளப்பற?"ன்னாங்க.

"அவன் சரின்னு சொல்லல அண்ணி. நாமளா எடுத்துக்கிட்டோம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அந்த மூஞ்சி தெரியாதா? அது சம்மதிச்ச மூஞ்சியா? ஆனா நீ படிச்சவ, எண்ணிட்டு சரின்னு சொன்ன. நான் பிடிச்சுக்கிட்டேன். எனக்கும் பிடிச்சுக்க ஏதாவது வேணுமில்ல?"

"திருப்பிக் கேட்டுடலாம் அண்ணி."

கரண்டியைப் பாத்திரத்துல போட்டாங்க. "கேட்டு, மாட்டேன்னுட்டா? நீ வந்து தூக்குவியா? ராத்திரி நீ எழுந்திருப்பியா? சாயந்தரம் வந்து பலகையைக் காட்டிட்டுப் போயிடற, மகராசி. மிச்சம் இருபத்திரெண்டு மணி நேரமும் யாரு? நானும் ஆளுதானே? இரும்பா அடிச்சா வெச்சிருக்கு என்னை?"

அவங்க சொன்னதுல ஒரு எழுத்துத் தப்பில்ல. அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க, தோள் மட்டும் ஏறி இறங்கிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அடுப்பை அணைச்சாங்க. "தெரிஞ்சும் கேக்காம அனுப்பிட்டு நான் எங்க போய் நிம்மதியா படுக்கறது? வாயைத் திறந்து தொலைச்சிட்டியே! வா."

அறைக்குள்ள போனோம். நான் பலகையை எடுத்துக் கீழ வெச்சேன். கட்டில் பக்கத்துல உக்காந்து அவன் இடது கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டேன். நீ சும்மா இருந்ததையெல்லாம் சரின்னு எடுத்துக்கிட்டேன். இனிமே அப்படி இல்ல. ஆமான்னா கம்பியில ஒரு தட்டு. இல்லைன்னா மெத்தையில ஒரு தட்டு. ரெண்டுக்கும் ஒரே வேலைதான். எதுவும் தட்டலைன்னா நீ எதுவும் சொல்லலைன்னு அர்த்தம். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் எண்ண மாட்டேன்."

கூரையில இருந்து பார்வையை இறக்கி என்னையே பாத்தான். அப்படிப் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது.

"டீ வேணுமா?"

காத்திருந்தோம். தெருவுல ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாம முக்கி முக்கி நின்னுச்சு. கை மெதுவா எழுந்துச்சு, மெத்தையில விழுந்துச்சு. வேண்டாம்.

"பிடிக்கலையா? படுத்ததுல இருந்தேவா?"

கம்பி. ஆமா.

"ஐயோ, ஒரு நாளைக்கு மூணு டம்ளர் ஊத்தினோமே!"ன்னு அண்ணி வாயில கை வெச்சுக்கிட்டாங்க.

"ரேடியோ?"

இந்த முறை கொஞ்சம் சீக்கிரமே மெத்தை. அதுவும் பொத்துன்னு. நான் ஓடிப்போய் அதை அணைச்சேன். வீடே கழுவிவிட்ட மாதிரி ஆயிடுச்சு. ஜன்னலைத் திறக்கவான்னேன், கம்பி. தலையணை ரெண்டு போதுமான்னேன், மெத்தை. ஒவ்வொண்ணுக்கும் மூச்சு வாங்கிச்சு அவனுக்கு, ஆனா விடல. கன்னத்துல ரத்தம் ஏறிடுச்சு. மாஸ்டர் முகம் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வந்துக்கிட்டிருந்துச்சு.

"நான் தினம் சாயந்தரம் வந்து பலகையைக் காட்டிப் பயிற்சி கொடுக்கறது பிடிச்சிருக்கா?"

யோசிக்கவே இல்ல. மெத்தை.

அண்ணி பக்குன்னு சிரிச்சுட்டாங்க. அண்ணனோட இடது பக்க உதடும் மேல போச்சு. எனக்கு வலிச்சுது, இருந்தாலும் நானும் சிரிச்சேன். எவ்வளவு ஆசையா செஞ்சேன், பாவி!

அப்புறம் சிரிப்பு தன்னால அடங்கிடுச்சு. கேக்க வேண்டியது ஒண்ணுதான் மிச்சம். அண்ணிதான் கட்டில் ஓரத்துல உக்காந்து கேட்டாங்க.

"என்னங்க. சனிக்கிழமை வேன் வருது. அந்த இல்லத்துக்குப் போறீங்களா?"

கை எழல. காத்திருந்தோம். ஜன்னல் வழியா காத்து வந்து போர்வை ஓரத்தை ஆட்டிச்சு. அண்ணி சேலைத் தலைப்பை விரல்ல சுத்திச் சுத்திப் பிரிச்சாங்க. ரொம்ப நேரம் ஆச்சு. கை எழுந்துச்சு. கம்பிக்கும் போகல, மெத்தைக்கும் போகல. நடுவுல, அந்தரத்துல நின்னுச்சு. ஒரு விரலை மட்டும் நீட்டி அண்ணியைக் காட்டினான்.

"என்ன, தண்ணி வேணுமா?"ன்னேன். மெத்தை. மறுபடியும் அதே விரல், அதே அண்ணி.

"அண்ணிகூட இருக்கணுமா? போக மாட்டியா?" மெத்தை. எரிச்சலா ஒரு உறுமல். மறுபடியும் விரல்.

எனக்கு ஒண்ணும் விளங்கல. பலகையிலயும் இல்ல, தட்டுலயும் இல்ல. நான் அவனுக்கு வெச்சது பூரா பதில் சொல்றதுக்குத்தான். அவனும் எதையாவது கேக்க நினைப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. அண்ணி அந்த விரலையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

"என்னைக் கேக்கறீங்களா?"ன்னாங்க. "நீங்க போறதா வேண்டாமான்னு என்னையா கேக்கறீங்க?"

கம்பி. ஆமா.

அண்ணி எழுந்துட்டாங்க. சுவரோரமா போய் திரும்பி நின்னாங்க. அழப்போறாங்கன்னு நினைச்சேன். கோவமாத்தான் திரும்பினாங்க, அவங்களை அவ்வளவு கோவமா நான் பாத்ததே இல்ல.

"இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு வாய் போகணுமா? வாய் இருந்தப்ப ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு என்ன வேணும்னு என்னைக் கேட்டிருக்கீங்களா?"

நான் தரையைப் பாத்தேன். அப்புறம் மெத்தையில ஒரு தட்டு விழுந்துச்சு. இல்ல.

அண்ணி அப்படியே வந்து கட்டில்ல உக்காந்துட்டாங்க. அவன் கால் மேல கையை வெச்சுக்கிட்டாங்க.

"என்னால முடியலங்க"ன்னாங்க. "நிஜமாவே முடியல. நீங்க இங்கயே இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா ராத்திரி நீங்க உறுமினா எழுந்திருக்கறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் படுத்திருக்கேன். இவரு இப்படியே போயிட்டா என்னன்னு நினைச்சிருக்கேன். நினைச்சுட்டு, எழுந்து வந்து உங்களைத் துடைச்சிருக்கேன். எனக்கு இப்படி இருக்கப் பிடிக்கல. நீங்க போங்க. நான் வருவேன். ஆனா போங்க."

அண்ணன் அவங்களையே பாத்துக்கிட்டிருந்தான். கண்ணுல இருந்து தண்ணி ஓடி காதுக்குப் போச்சு, துடைச்சுக்கவும் கை இல்ல, அது கம்பியைத் தேடிக்கிட்டிருந்துச்சு. தடவித் தடவிக் கண்டுபிடிச்சு, ஒரு தட்டுத் தட்டினான். நல்லா, தெளிவா, எனக்கும் அண்ணிக்கும் சந்தேகமே வராத மாதிரி.

எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நிம்மதியா இருக்கேன்னு வெட்கமாவும் இருந்துச்சு. ரெண்டையும் வெச்சுக்கிட்டு சுவரோட ஒட்டி நின்னேன்.

அண்ணி தலைப்பால அவன் கண்ணைத் துடைச்சாங்க, காதோரம் துடைச்சாங்க. கம்பியில இருந்து கையை எடுத்து, சிவந்திருந்த விரல் முட்டியைத் தேய்ச்சு விட்டாங்க.

"என் மேல கோவமாங்க?"ன்னு கேட்டாங்க.

கையை விட்டுட்டுக் காத்திருந்தாங்க. அண்ணன் கை கம்பிக்கும் போகல, மெத்தைக்கும் போகல. கண்ணு மட்டும் அவங்களை விட்டு நகரல. நான் கேள்வியை எடுத்துச் சொல்லவும் இல்ல, மாத்திச் சொல்லவும் இல்ல. வெயில் ஜன்னலை விட்டு இறங்கற வரைக்கும் அண்ணி அவன் பக்கத்துலயே, பதிலுக்காக உக்காந்திருந்தாங்க.